எங்களுக்கு வேண்டாத இரண்டு புள்ளிகள்

அனுப்புநர்:
திருமதி யோகேஸ்வரி சாந்தகுமார்,
இல. 41/7, ஜம்பட்டா வீதி,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.

பெறுநர்:
வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
வலயக் கல்வி அலுவலகம்,
கொழும்பு.

விடயம்: ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் என் மகள் பெற்ற புள்ளிகளை எங்கள் சம்மதமின்றி மீள்பரிசீலனைக்கு அனுப்பியமையும், பாடசாலை வாசலிலுள்ள பதாகையில் அவளது படத்தைப் போட்டமையும் தொடர்பான முறைப்பாடு.

மதிப்புக்குரிய ஐயா,

இந்த மாதிரியான மனு தங்களுக்கு அடிக்கடி வராது என்று நினைக்கிறேன். புள்ளி குறைந்துவிட்டது, கூட்டித் தாருங்கள் என்று கேட்டு வரும் பெற்றோரைப் பார்த்துப் பார்த்துத் தாங்கள் களைத்திருப்பீர்கள். நான் கேட்பது அதற்கு நேர் எதிரானது. என் மகளின் புள்ளி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், அதை யாரும் தொட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். இத்தகைய மனுவை அதிபர் ஊடாக அனுப்புவதே முறை என்பது எனக்குத் தெரியும். முறைப்பாடே அவரைப் பற்றியது என்பதால் நேரே தங்களுக்கு எழுதுகிறேன். தயவுசெய்து தப்பாக எடுக்க வேண்டாம்.

1. என் மகள் சா. லக்ஷ்மிப்பிரியா, கொ/ பூம்பொழில் தமிழ் ஆரம்ப வித்தியாலயத்தில் ஐந்தாம் தரத்தில் படிக்கிறாள். எங்களுக்கு ஒரே பிள்ளை. என் கணவர் புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்கிறார். நான் வீட்டிலிருந்து சட்டை தைத்துக் கொடுக்கிறேன். நாங்கள் இருவருமே பெரிதாகப் படித்தவர்கள் இல்லை. அதனால் பிள்ளையின் படிப்பு என்றால் எங்கள் வீட்டில் மற்ற எல்லாம் இரண்டாம் பட்சம். இதை முதலிலேயே சொல்லக் காரணம், படிப்பில் அக்கறை இல்லாத தாய் எழுதிய மனு என்று தாங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

2. நாலாம் தரத்திலிருந்தே ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளை வெள்ளவத்தைக்கு, சின்னராசா சேரின் புலமைப்பரிசில் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய மண்டபம், மைக் வைத்துத்தான் படிப்பிப்பார். அவரிடம் போன பிள்ளை தவறாது என்று ஊரெல்லாம் பேச்சு. நாங்கள் கொட்டாஞ்சேனையிலிருந்து போய்ச் சேரும்போது முன் வாங்குகள் எல்லாம் நிறைந்திருக்கும். பின்னால் உட்கார்ந்து முன்னால் இருக்கும் பிள்ளைகளின் பின்னலைப் பார்த்துக்கொண்டே அவள் கணக்குப் படித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் செமினார். மற்ற நாட்களில் பாடசாலை விட்டு வந்ததும் மாதிரி வினாத்தாள். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார், வெள்ளிக்கிழமை அம்மன் கோவில். எங்கள் பக்கத்தில் ஐந்தாம் தரத்துப் பிள்ளை உள்ள வீடுகளில் இதுதான் வழக்கம், நாங்களும் ஒன்றும் குறை வைக்கவில்லை.

3. போன வருடக் கடைசியில் அவளுக்கு வயிற்றுவலி தொடங்கியது. சனிக்கிழமை பஸ் கொள்ளுப்பிட்டியைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுப்பாள். நான் கைப்பையில் சொப்பிங் பேக் மடித்து வைத்துக்கொண்டே போய்ப் பழகிவிட்டேன். இந்த வருடமும் அது நிற்காததால் டொக்டரிடம் காட்டினோம். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, எத்தனையாம் தரம் என்று கேட்டார். ஐந்து என்றதும் எழுதிக்கொண்டிருந்த பேனையைக் கீழே வைத்துவிட்டு, "பரீட்சை முடிஞ்சா சரியாகிடும் அம்மா" என்றார். மருந்து கூட எழுதவில்லை. அந்த வயிற்று வருத்தத்தோடேயே அவள் பரீட்சை எழுதினாள். சித்தியடைந்து பெரிய பாடசாலைக்குப் போகிற பிள்ளை ஆறாம் தரப் பாடத்தை இப்போதே தொடங்க வேண்டும் என்று சேர் சொன்னதால், பரீட்சை முடிந்த பிறகும் சனிக்கிழமை வகுப்பு நிற்கவில்லை.

4. பெறுபேறு வந்த அன்று என் கணவர் கடையிலிருந்தே ஃபோனில் பார்த்துவிட்டு எனக்கு அழைத்தார். சித்தியடையத் தேவையான வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைவு. அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. நான் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அடுப்படிக்கும் அறைக்குமாக நடந்தேன். கடைசியில் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்து, "அப்ப இனி சனிக்கிழம வெள்ளவத்தைக்குப் போகத் தேவல்லயா அம்மா?" என்று கேட்டாள். தேவையில்லை என்றேன். "மெய்யாவா?" என்று திரும்பக் கேட்டாள். பிறகு போய்ப் படுத்து, விளக்கேற்றும் நேரம் வரை நன்றாகத் தூங்கினாள். ஐயா, அவள் அப்படித் தூங்கியதைப் பார்த்து நான் அழுதது உண்மை. அது கவலையில் வந்த அழுகை இல்லை.

5. அதன் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததெல்லாம் நல்லதுதான். வயிற்றுவலி போன இடம் தெரியவில்லை. சோற்றை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். முதல் சனிக்கிழமை காலையில் மூன்று பேரும் உடுத்திக்கொண்டு, எங்கே போவதென்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு காலிமுகத்திடலுக்குப் போய் வடை வாங்கித் தின்றுவிட்டு வந்தோம். சித்தியடைந்தால் அம்மனுக்குத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்திருந்தேன். சித்தியடையாமலேயே உடைத்தேன். ஐயர் எத்தனை புள்ளி என்று கேட்டார், சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும். என் பிள்ளை எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டாள், அதற்குத் தேங்காய் கொஞ்சம்.

6. இனி முறைப்பாட்டுக்கு வருகிறேன். நாங்கள் இப்படி நிம்மதியாக இருக்கும்போது, பெற்றோராகிய எங்களிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல், அதிபர் அவர்கள் என் மகளின் விடைத்தாளை மீள்பரிசீலனை செய்யும்படி விண்ணப்பித்திருக்கிறார். விசாரிக்கப் போனபோது என்னை உட்காரச் சொல்லி, தேத்தண்ணீரும் வரவழைத்து, "ரெண்டே ரெண்டு புள்ளி. எங்கயாவது கூட்டாம விட்டிருப்பாங்க. நீங்க ஒண்டுக்கும் பயப்படாதீங்க" என்றார். நான் பயந்ததே அதற்குத்தான் என்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. பாடசாலையில் சித்தியடைந்தோர் தொகை போன வருடத்தை விட ஒன்று குறைந்துவிட்டதாம். அந்த ஒன்று என் மகளாம். அவள் ஏறிவிட்டால் பாடசாலை இறங்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாமாம்.

7. இது போதாதென்று, பாடசாலை வாசலில் கட்டியிருக்கும் பதாகையில் சித்தியடைந்த பிள்ளைகளின் படங்களோடு என் மகளின் படத்தையும் கடைசியில் போட்டிருக்கிறார்கள். கீழே, "பெறுபேறு எதிர்பார்க்கப்படுகிறது" என்று எழுதியிருக்கிறது. அந்த எழுத்து அவ்வளவு சிறியது, ரோட்டில் போகிற எவருக்கும் கண்ணில் படாது. படம் மட்டும் நன்றாகப் படுகிறது. சந்தியில் பேக்கரி வைத்திருக்கும் ஷிஹான் நானா அவளைக் கூப்பிட்டு, கெட்டிக்காரி என்று பாராட்டி ஒரு துண்டு கேக் கொடுத்திருக்கிறார். "நான் பாஸ் இல்ல நானா" என்று இவள் சொல்லியும் கடைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. கேக்கைத் தின்னாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, இதைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று என்னைக் கேட்டாள். பத்து வயதுப் பிள்ளை, ஐயா. தான் ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு நிற்கிறது. நானே கூட்டிக்கொண்டு போய் ஷிஹான் நானாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு இன்னொரு துண்டு கொடுத்தார். ஆனால் ஜம்பட்டா வீதி முழுக்க நான் போய்ச் சொல்ல முடியாது.

8. மீள்பரிசீலனை என்ற பேச்சு காதில் விழுந்த மறுநாளே அவளுக்கு வயிற்றுவலி திரும்பிவிட்டது. பாடசாலைக்குப் போகும் வழியில் வாந்தியும் எடுத்தாள். புள்ளி கூடினால் பழையபடி வகுப்புக்குப் போக வேண்டுமா என்று கேட்கிறாள். இதற்கிடையில் என் கணவரின் முதலாளி சத்தியநாராயணன் ஐயாவும் பதாகையைப் பார்த்துவிட்டு, பெரிய பாடசாலையில் இடம் எடுக்கத் தானே முன்னின்று உதவுவதாகச் சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர், நல்லதற்காகத்தான் சொல்கிறார். ஆனால் அன்றிலிருந்து என் கணவரும் சாப்பிடும்போது கூட ஃபோனைத் திறந்து திறந்து பார்க்கிறார். இந்த மனுவில் அவர் கையொப்பம் இல்லாததன் காரணம் அதுதான். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்திலுள்ள பாடசாலையில் ஆறாம் தரத்துக்கு இடம் தருவதாக ஏற்கனவே சொல்லிவிட்டார்கள். அது எங்களுக்குப் போதும்.

9. முறைப்பாட்டு மனுவில் நன்றி எழுதலாமா என்று தெரியவில்லை. ஆனாலும் எழுதாவிட்டால் எனக்கு மனம் ஆறாது. வகுப்பாசிரியை ரூபிகா டீச்சர், பெறுபேறு வந்த மறுநாள் சித்தியடைந்த பிள்ளைகளையும் அடையாத பிள்ளைகளையும் கலந்து உட்காரவைத்து, அன்று முழுக்கப் பாட்டும் விளையாட்டுமாக நடத்தியிருக்கிறார். என் மகள் வாசிப்பிலும் சித்திரத்திலும் நல்ல பிள்ளை என்று என்னிடம் சொன்னதும் அவர்தான். அதிபரும் கெட்டவர் இல்லை. ஒழுகிக்கொண்டிருந்த கூரையை அலைந்து திரிந்து திருத்தியவர் அவர். தொகை குறைந்தால் மேலிடத்தில் அவரைத்தான் கேட்பார்கள் என்பதும் எனக்கு விளங்குகிறது. ஆகவே அவருக்கு எந்தத் தண்டனையும் நான் கேட்கவில்லை. கொடுத்தால் எனக்கும் வருத்தம்தான்.

நான் கேட்பவை இவ்வளவுதான்:

அ. என் மகளின் பெயரில் அனுப்பப்பட்டுள்ள மீள்பரிசீலனை விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும்படி அதிபருக்குப் பணிக்க வேண்டும்.

ஆ. பதாகையிலிருந்து அவளது படத்தை எடுக்கச் சொல்ல வேண்டும். முழுப் பதாகையையும் கழற்றினால் மற்றப் பிள்ளைகள் மனம் நோவார்கள், அது வேண்டாம்.

இ. பரிசீலனை ஏற்கனவே முடிந்து புள்ளி கூடியிருந்தால், அதைப் பாடசாலையின் தொகையில் சேர்த்துக்கொள்ளட்டும். எங்கள் வீட்டுக்கு மட்டும் அறிவிக்க வேண்டாம்.

ஐயா, கடைசியாக ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இதைக் கணவரிடம் கூடச் சொல்லவில்லை. அந்த இரண்டு புள்ளியும் மெய்யாகவே வந்துவிட்டால், வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. பெரிய பாடசாலையின் பெயர் போட்ட கடிதம் கைக்கு வந்தால் நானும் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். பிறகு விடியுமுன் அவளைத் தட்டி எழுப்பிப் பஸ்ஸில் ஏற்றுவேன். அம்மா சொல்கிறாள் என்பதற்காக அவளும் வாயைத் திறக்காமல் ஏறுவாள். என்னை எனக்குத் தெரியும், ஐயா. ஆகையால் நான் உறுதியாக இருக்கிற இந்தக் கிழமைக்குள்ளேயே தயவுசெய்து நடவடிக்கை எடுங்கள்.

தங்கள் உதவியை நம்பியிருக்கும்,

(ஒப்பம்) சா. யோகேஸ்வரி
மாணவி சா. லக்ஷ்மிப்பிரியாவின் தாய்

இடம்: கொட்டாஞ்சேனை
திகதி: 2025.09.22