மை கரைந்த நோட்டீஸ்

நவம்பர் 6, புதன்

இன்றும் மழை. பேருந்துக் கண்ணாடியில் நீர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இறங்க வேண்டிய ஜெலுத்தோங்கைத் தாண்டிப் போய்விட்டேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்தேன்.

அப்பாவின் ஆபீஸில் புது பிரிண்டர், மை ஊற்றும் கலர் ரகம். அப்பா செய்வது சாவு வீட்டு வேலை: பெட்டி, வண்டி, பூ எல்லாம் அவர் ஏற்பாடு. இறந்தவர் வீட்டு பிளாட் லிப்ட் பக்கத்திலும் பாசார் சந்தையிலும் நோட்டீஸ் ஒட்டுவதும் ஆபீஸ் வேலைதான். புது பிரிண்டரின் முதல் நோட்டீஸ் மீன் விற்ற திருநாவுக்கரசு தாத்தாவுக்கு. நாளை தகனம். ஆபீஸில் வேலை செய்யும் காமினி அக்கா டைப் செய்தார். நான் ஓரத்தில் ஊதா நிறத்தில் ஒரு தாமரை வைத்தேன். தாத்தாவுக்கு நானும் ஏதோ செய்துவிட்டது போல இருந்தது.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "கருப்பு வெள்ளை லேசர்னு துண்டுச் சீட்டுல எழுதித்தானே குடுத்தேன். இது என்ன காமினி?"

"இதுதான் நல்லதுன்னு தோணுச்சு அண்ணே."

அக்காவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிரிண்டர் கடையில் அவர் கையைப் பிடித்து இழுத்தது நான். பள்ளி ப்ராஜெக்டுக்குக் கலர் வேண்டும் என்று. "ரெண்டும் ஒன்னுதான்க்கா. அப்பா ஒன்னும் சொல்ல மாட்டாரு லா."

நவம்பர் 7, வியாழன்

போர்வைக்குள் எழுதுகிறேன்.

பள்ளி விட்டு வரும்போது லிப்ட் பக்கத்தில் அந்தத் தாளைப் பார்த்தேன். சாரல் அடித்து எல்லாம் கரைந்துவிட்டது. பெயர் வழிந்து சுவரில் நீலக் கோடாக இறங்கியிருந்தது. நேரம் இருந்த இடத்தில் ஒரு சின்ன மேகம். அழகாக இருந்தது. ஏன் எனக்கு முதலில் அழகுதான் தெரிகிறது?

ஆபீஸில் அப்பாவின் முன்னால் ஒரு வயதான அம்மா தலை நனைந்து உட்கார்ந்திருந்தார். சின்னம்மா. பாசாரில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். தாத்தாவின் மீன்கடைக்குப் பக்கத்து மீன்கடை, முப்பது வருடமாக.

"பாசார்ல நோட்டீஸ் பாத்தேன் தம்பி. மணி தெரியல. சாயந்தரம்தான் எடுப்பாங்கன்னு வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வந்தேன். வண்டி போயிருச்சுங்கறாங்க." பிறகு முந்தானையால் தலையைத் துடைத்தபடி, "மொகத்தப் பாக்கலியே."

அவர் கத்தவே இல்லை. அப்பா தலை குனிந்து நின்றார்.

அவர் போனதும் அப்பா காமினி அக்காவிடம், "மாசக் கடைசியோட நின்னுக்கம்மா" என்றார்.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால்கூடத் தேவலை.

நவம்பர் 8, வெள்ளி

அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

நவம்பர் 9, சனி

படிக்கட்டில் அக்காவை நிறுத்திக் கேட்டேன், ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று.

"பதினஞ்சு வயசுப் புள்ள பேச்சக் கேட்டு வாங்குனேன்னு சொன்னா யாருக்கு அசிங்கம்? எனக்குத்தானே? போ லா, போய்ப் படி."

சிரித்தார். கண் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் எங்கே வேலைக்குப் போவார்?

அப்பா அடிக்க மாட்டார். பேசாமல் இருந்துவிடுவார். நான்காம் ஆண்டு படிக்கும்போது ஒரு பொய் சொன்னதற்கு ஒன்பது நாள் பேசவில்லை. வீட்டில் நான் இல்லாதது போலவே நடமாடினார். அதுதான் பயம்.

மத்தியானம் தூங்கிப்போனேன். கனவில் கடல் முழுக்கப் பெயர்கள் மிதந்தன. இரண்டு கையாலும் அள்ளினேன். விரலிடுக்கில் வழிந்துகொண்டே இருந்தன.

நவம்பர் 10, ஞாயிறு

லேசர் பிரிண்டர் வாங்க அப்பா என்னைக் கொம்தார் கடைவளாகத்துக்கு அழைத்துப் போனார். "பெட்டியில என்ன எழுதியிருக்குன்னு நீதான் படிச்சுச் சொல்லணும்." என்னை நம்பி!

கடைக்காரர் ஸுல்கிஃப்லி மூன்று லேசர் பிரிண்டர்களைக் காட்டினார். முதலாவது சின்னது, ஆனால் கூட வரும் டோனர் தூள் சில நூறு பக்கத்திலேயே தீர்ந்துவிடும். இரண்டாவது ஸ்கேனும் செய்யும், எங்கள் மேசை தாங்காது. மூன்றாவது கருப்பு வெள்ளை மட்டும். வேகமாக அடிக்கும், டோனரைத் தனியாக மாற்றலாம். அதில் ஒரு தாள் அடித்துக் காட்டச் சொன்னேன். தாள் சூடாக வந்தது. என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அதன்மேல் ஊற்றினேன்.

"அலாமாக்!" என்று கத்தினார் ஸுல்கிஃப்லி.

எழுத்து அசையவில்லை. தண்ணீர் துளித்துளியாக நின்றது, ஒவ்வொரு துளிக்கு அடியிலும் ஓர் எழுத்து பெரிதாகத் தெரிந்தது. எவ்வளவு நேரம் பார்த்தேனோ. என் வாய் தானாகப் பேசியது போலிருந்தது.

"அப்பா, அன்னைக்குக் கலர் வேணும்னு அடம் புடிச்சது நான்தான். அக்கா இல்ல."

அப்பா ஈரத் தாளையே பார்த்தார். பிறகு மூன்றாவது பெட்டியைக் கையால் காட்டினார். காரில் ஒரு வார்த்தை இல்லை.

நவம்பர் 13, புதன்

அப்பா பேசாத நான்காம் நாள். தட்டைக்கூட என் பக்கம் தள்ளவில்லை.

ஆனால் ஆபீஸ் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். "நீயாவது சொல்லியிருக்கலாம்ல காமினி?" அக்காவின் பதில் கேட்கவில்லை. அப்பா சொன்னது கேட்டது. "சரி. நான் சொன்னத மறந்துரு. எப்பவும் போல வா."

படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். யாரும் பார்க்கவில்லை.

நவம்பர் 16, சனி

காலையில் அப்பா என் செருப்பை எடுத்து வாசலில் வைத்தார். பேசவில்லை. பின்னாலேயே போனேன். பாசார். சின்னம்மாவின் மீன்கடை.

நானே சொன்னேன். கலர், மழை, எல்லாம். அவர் மீனைச் செதில் சீவிக்கொண்டே கேட்டார். கத்தியை வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

"நீதானே குளிப்பாட்டுன. மொகம் எப்படி இருந்துச்சு தம்பி?"

அப்பா யோசித்தார். "நல்லா சவரம் பண்ணிவிட்டேன் அக்கா. வெள்ளச் சட்ட. தூங்குற மாதிரிதான்."

"சவரமா? அந்த ஆளுக்கா?" சின்னம்மா சிரிக்க ஆரம்பித்தார். "முப்பது வருஷத்துல ஒரு நாள் ஒழுங்கா பண்ணியிருப்பாரா!" சிரித்துக்கொண்டே இருந்தவர் புறங்கையால் கண்ணைத் துடைத்தார். கன்னத்தில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டது. "இன்னும் சொல்லு" என்றார். அப்பா சொன்னார். கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது.

திரும்பும்போது சாலையைப் பார்த்தபடி அப்பா என்னிடம் பேசினார்:

"பேப்பர் ஒரு கட்டு வாங்கணும். மறந்துடப் போறேன், ஞாபகப்படுத்து."