கொடைரோடு தாண்டியாச்சு மாப்ள

எங்களைக் காக்கவைத்தே கொன்ற என் அன்பு முருகேசா,

போன் போட்டால் போதும், "கொடைரோடு தாண்டிட்டேன் மாப்ள" என்பாய்; மதுரை ரோட்டில் இன்னும் அரைமணியில் நம் ஊர் வந்துவிடும் என்று அர்த்தம். பாதி நாள் வீட்டில் லுங்கியோடு படுத்திருப்பாய். பழனிப் பக்கம் பாலசமுத்திரத்தில் என் கல்யாணம். அதற்கும் கொடைரோட்டைத்தான் தாண்டினாய். திசையே வேறு என்று உனக்கு உறைத்ததா? பந்தி கலையும்போது வந்து, "என்ன வெஞ்சனம்?" என்று கேட்டவன் நீ.

அப்பேர்ப்பட்ட உன்னைப் போன வருடம் ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு, உன் ஒரே மகள் பிரியா டொராண்டோவிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தோம். "புள்ள எப்ப வரும்? எப்ப எடுக்குறீங்க?" என்று எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். போனைத் தட்டினேன். பதிமூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல், பறக்கும் நேரம் பதினாறு மணி என்றது. "நாளைக்குக் காலையில பத்துக்கெல்லாம் வந்துரும், பதினொண்ணுக்கு எடுத்துரலாம்" என்று, ஏதோ நானே விமானம் ஓட்டுபவன் போல அறிவித்துவிட்டேன்.

அது எங்கும் நிற்காமல் பறந்தால் ஆகும் நேரமாம். துபாயில் ஒன்று, சென்னையில் ஒன்று என்று விமானம் மாறி, பிரியா மதுரையில் இறங்கவே நாலு மணி ஆகும் என்று மறுநாள் விடிந்தபிறகுதான் தெரிந்தது. பதினோரு மணிக்கு மாலையோடு வந்த சொந்தமெல்லாம் என்னை முறைத்தது.

மூன்று மணிக்கு உன் சித்தப்பா எழுந்தார். "இதுக்கு மேல தாங்காதுப்பா. தூக்கிருவோம்."

அம்புட்டுத் தூரம் பறந்து வரும் பிள்ளை உன் முகத்தைப் பார்க்காமல் போய்விடுமோ? "புள்ள கொடைரோடு தாண்டிருச்சு சித்தப்பா!" என்று கத்திவிட்டேன். அவள் அப்போது ஆகாயத்தில் இருந்தாள்.

சித்தப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏலே, இந்தக் கொடைரோட்டத்தானடா இவனும் முப்பது வருசமாத் தாண்டிக்கிட்டு இருந்தான்!"

துட்டி வீடு என்பதை மறந்து எல்லோரும் சிரித்துவிட்டார்கள், அழுதுகொண்டிருந்த உன் மனைவி உட்பட. சித்தப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "சரி, இருப்போம். இன்னைக்கு ஒரு நாளாச்சும் இவன் காத்துக் கெடக்கட்டும்."

ஐந்து மணிக்குப் பிரியாவே பேசினாள்: "மாமா, கொடைரோடு தாண்டிட்டோம்." உரக்கச் சொன்னேன்; ஒருத்தரும் நம்பவில்லை. அரைமணியில் கார் வந்து நின்றது. உன் குடும்பத்தில் அதை முதன்முதலாக நிஜமாய்ச் சொன்னது அவள்தான். பெட்டியின்மேல் கன்னத்தை வைத்து, "வந்துட்டேன்ப்பா" என்றாள். கேட்டதா உனக்கு?

இப்போது அவளுக்குப் பெண் குழந்தை. மூக்கு அப்படியே நீ. டொராண்டோவுக்கு வாங்க மாமா என்கிறாள். கொடைக்கானல் பஸ்ஸிலேயே எலுமிச்சம்பழத்தை மூக்கைவிட்டு எடுக்காதவன் நான். இருந்தாலும் போய் உன் பேத்தியைத் தூக்குவேன், சத்தியம்.

அங்கே உனக்குப் பேச்சுத்துணை இல்லாமல் போரடிக்கும், தெரியும். அதற்காக அவசரப்பட்டு என்னைக் கூப்பிட்டுவிடாதே. கூப்பிட்டால், "கொடைரோடு தாண்டிட்டேன் மாப்ள" என்பேன். நம்பிக் காத்திரு.

லுங்கியோடு படுத்தபடி,
உன் மாப்ள, உன் பேத்திக்கு இன்னொரு தாத்தா,
சந்தானம்