மூணு மணிக்கு என்ன நிறம்

மார்ச் 4, செவ்வாய்

மேல் வீட்டு பாத்ரூம் குழாய் ஒழுகி எங்கள் ஹால் சுவரில் ஒரு யானையை வரைந்துவிட்டது. தும்பிக்கை சுவிட்ச் போர்டு வரை வந்தாச்சு. குடிநீர் அலுவலகத்தில் இருபத்தாறு வருஷமாகப் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து, எங்கே ஒழுகினாலும் எழுதி வாங்குகிற ஆள் நான். என் வீட்டிலேயே.

கீழ் வீட்டு டீச்சர் பார்க்க வந்தார். சுவரைப் பற்றி ஒரு கேள்வி, என் மனைவியைப் பற்றி ஒன்பது. "அக்கா முட்டி இன்னும் சரியாகலையா?" இன்னும் இல்லைங்க என்றேன். ஆபரேஷன் முடிந்து நாலு மாசம். மூணு வாரத்துக்கு என்று சொல்லிவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போனாள். அந்த முட்டி இப்போது மாடியேறித் துணி காயப்போடுகிறது என்று எனக்கே தகவல் வந்துவிட்டது. டீச்சருக்கு வராமலா இருக்கும்?

மார்ச் 6, வியாழன்

பெயிண்டர் வந்தார். வாயைத் திறந்தால் பெயிண்ட் காய்ந்துவிடும் என்று நினைக்கிற மனிதர். பழைய க்ரீம் கலரே அடித்துவிடலாம் என்றேன். தலையாட்டினார். அடுத்த வாரம் ஆரம்பம்.

சாயங்காலம் ஏழு மணிக்கு அவள் போன். தினமும் ஏழு மணி, தினமும் அதே இரண்டு கேள்வி. பால் வந்துச்சா. கேஸை மூடிட்டீங்களா. வந்துச்சு. மூடிட்டேன். எங்கள் ஆபீசில் புகார் கொடுக்க வருகிறவர்கள்கூட இதைவிட அதிகம் பேசுவார்கள்.

சுவரைப் பற்றிச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

மார்ச் 9, ஞாயிறு

மகள் போன் பண்ணினாள். வேலை பார்க்கிற ஊரிலிருந்து ஞாயிறுதோறும் அப்பாவுக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறாள். அதில் இருபது நிமிஷம் அறிவுரை. "அம்மா கோவமா எல்லாம் இல்லப்பா. அங்க அவ பேசினா, பேசி முடிக்கிற வரைக்கும் கேக்கறாங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்.

எனக்குத் தெரியும் எதைச் சொல்கிறாள் என்று. ஆறு வருஷத்துக்கு முன்னால் இவள், ஹாலுக்கு ரோஸ் கலர் அடிக்கலாமா என்று கேட்டாள். நான், "ஈறுக்குள்ள எல்லாம் நம்மால குடியிருக்க முடியாது, பல் டாக்டர் வாடகை கேப்பான்" என்றேன். நல்லாத்தானே இருக்கு? எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், முதல் மூன்று தடவை. பிறகு அதை மச்சான் வீட்டில் சொன்னேன், ஆபீசில் சொன்னேன், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னேன். போன அக்டோபர் கடைசியில் என் பிரமோஷனுக்கு வீட்டுக்கு வந்த பத்துப் பேரிடமும் சொன்னேன். டீ கொண்டுவர உள்ளே போனவள் வெளியே வரவில்லை. டீயை நான்தான் எடுத்து வந்தேன். அதற்கும் ஒரு ஜோக் அடித்தேன். மறுவாரம் முட்டி ஆபரேஷன்.

மார்ச் 10, திங்கள்

ஏழு மணி. பால், கேஸ். அப்புறம் மூன்றாவதாக ஒன்று.

"தையல் மிஷினை அனுப்பி வைங்க. இங்க ரெண்டு மூணு பேர் தைக்கக் கேக்கறாங்க. பார்சல் லாரிக்குச் சொல்லிட்டேன், பதினேழாம் தேதி வந்து எடுத்துப்பாங்க."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல.

துணிமணி எடுத்துப் போகலாம், திரும்பி வரலாம். மிஷின் போனால் போனதுதான். ஹால் ஜன்னலோரம் பூப்போட்ட உறையை மாட்டிக்கொண்டு அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறது. ஊசியில் நீல நூல் இன்னும் கோத்தபடியே. உறையை நாலு தடவை எடுத்துப் பார்த்துவிட்டேன். எடுத்ததை யாராவது பார்த்துவிடப்போகிறார்கள் என்று திரும்ப மூடினேன். வீட்டில் யார் இருக்கிறார்கள் பார்க்க?

மார்ச் 13, வியாழன்

ஆபீஸ் கிளம்புவதற்கு முன் பெயிண்டரும் நானும் ஷோகேஸை நகர்த்தினோம். நான் நகர்த்தியது என்பது, என் தொப்பை அதன்மேல் சாய்ந்தது.

பின்னால் சுவரில் நான்கு ரோஸ் கட்டங்கள். உள்ளங்கை அளவு. வரிசையாக. ஒவ்வொன்றின் கீழும் பென்சிலில் அவள் கையெழுத்து.

முதலாவது: காலைல அழகு. 3 மணிக்கு செத்துப்போச்சு.
இரண்டாவது: 3 மணிக்கு சேறு.
மூன்றாவது: பரவாயில்ல.
நாலாவது: 3 மணிக்கும் நிக்குது. பக்கத்தில் ஒரு டிக்.

எப்போது பூசினாள்? என்னிடம் கேட்பதற்கு முன்னாலேயேதான் பூசியிருப்பாள். பார்த்து, எழுதி, தேர்ந்தெடுத்து, அப்புறம்தான் கேட்டிருக்கிறாள். நான் ஈறைச் சொல்லியிருக்கிறேன். அவள் ஷோகேஸை நகர்த்தி மறைத்திருக்கிறாள் — தனியாக, அவ்வளவு கனத்தையும்.

மூணு மணிக்கு அப்படி என்ன என்று பெயிண்டரைக் கேட்டேன். ஜன்னலைப் பார்த்தார், எதிரே இருக்கும் கார் ஷெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்க மூணு மணிக்கு வீட்ல இருந்ததில்லையா சார்?"

மார்ச் 14, வெள்ளி

லீவு போட்டேன்.

இந்த வீட்டுக்கு வந்து பதினான்கு வருஷம். வார நாளில் மூணு மணிக்கு ஆபீசில் இருப்பேன். சனி, ஞாயிறு மூணு மணிக்கு உள் ரூமில் திரைச்சீலை இழுத்துக் குறட்டையில் இருப்பேன். என் வீட்டு ஹாலை அந்த நேரத்தில் நான் பார்த்ததே இல்லை.

நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டரை வரை ஒன்றுமில்லை. இரண்டே முக்காலுக்கு வெயில் மேற்கே சாய்ந்து எதிர் ஷெட்டின் பச்சைக் கூரையில் விழுந்தது. ஆறு வருஷத்துக்கு முன் போட்ட ஃபைபர் ஷீட். அங்கிருந்து அப்படியே எங்கள் ஹாலுக்குள். மூணு மணிக்கு வீடு முழுக்கப் பாசி. சுவர், தரை, சோபா, என் கை. கண்ணாடியில் பார்த்தேன். படுத்த படுக்கையாய்க் கிடந்து எழுந்தவன் மாதிரி இருந்தேன்.

மிஷின் உறையை எடுத்தேன். ஊசியில் இருந்த நீல நூல் பச்சையாகத் தெரிந்தது.

ஒரு தடவை யாரோ ஒரு அம்மா ரவிக்கைக்கு நூல் மாறிப்போய், முழுவதும் பிரித்துத் திரும்பத் தைத்தாள். நான் என்ன சொன்னேன்? "கண்ணாடி போடு, இல்ல கடையை மூடு." அப்போதும் எல்லோரும் சிரித்தார்கள்.

நாலாவது கட்டம் மட்டும் மூணு மணிக்கும் ரோஸாகவே இருந்தது. வெளிச்சமே அந்த உள்ளங்கை அளவு இடத்தில்தான் சரியாக இருந்தது. பெயிண்டர் ஏணியிலிருந்தபடி சொன்னார்: "பச்சைக்கு இதுதான் சார் மருந்து. அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு."

ஆறு வருஷம் இந்தப் பாசிக்குள் உட்கார்ந்து தைத்திருக்கிறாள். புகார் ஒரே ஒரு தடவை கொடுத்தாள். புகார்ப் பிரிவில் நான் இருந்தேன்.

மார்ச் 15, சனி

காலையிலிருந்து அவளிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை. எல்லா வாக்கியமும் கடைசியில் ஜோக்காகப் போய் முடிகிறது. அஞ்சு எழுதி அஞ்சையும் அடித்துவிட்டேன். எனக்கு வேறு பேசவே தெரியாதா?

சரியாக மூணு மணிக்கு ஹாலில் நின்று போன் போட்டேன்.

"என்ன இந்த நேரத்துல? உடம்பு சரியில்லையா?"

"ஹால் பச்சையா இருக்கு" என்றேன்.

எங்கேயோ குக்கர் விசில் கேட்டது. சும்மா இருந்தேன். இவ்வளவு நேரம் நான் சும்மா இருந்தது கல்யாணம் ஆன நாளிலிருந்து இல்லை.

"இப்பதான் பாத்தீங்களா?"

"இப்பதான் பாத்தேன். மேல் வீட்டுக் குழாய் ஒழுகி சுவர் ஊறிடுச்சு, பெயிண்டர் வந்திருக்கார்."

"எது அடிக்கப் போறீங்க?"

"நாலாவது. நீ டிக் போட்டது."

மூக்கை உறிஞ்சினாளா, சளியா, தெரியவில்லை. பிறகு, "சுவர்ல பூசின பட்டி நல்லா காயணும். ஈரத்துல அடிக்க விடாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. வரவில்லை என்றும் சொல்லவில்லை. மிஷினைப் பற்றி நானும் கேட்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

லாரி வரவில்லை. ஏன் என்று யாரையும் கேட்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

முதல் கோட். நான் எதிர்பார்த்த மிட்டாய் ரோஸ் இல்லை. தூங்கி எழுந்த குழந்தையின் காது இருக்குமே, அந்த நிறம். போட்டோ அனுப்பினேன். வெள்ளையாகத் தெரிகிறது என்றாள். இன்னொன்று அனுப்பினேன். அதுவும் வெள்ளையாம். போட்டோவில் இது தெரியாது என்றேன். நேரில் வந்து பார் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன். கூப்பிடுவது மாதிரி ஆகிவிடும். கூப்பிடத்தானே நினைக்கிறேன்?

பால், கேஸ் இரண்டையும் இன்று கேட்க மறந்துவிட்டாள்.

மார்ச் 23, ஞாயிறு

மதியத் தூக்கம் ரத்து. மூணு மணிக்கு மிஷின் எதிரே உட்கார்ந்திருந்தேன். சுவர் நின்றது. நீல நூல் நீலமாகவே இருந்தது. அவளுடைய ஸ்டூல்தான் காலியாக இருந்தது.

மார்ச் 28, வெள்ளி

ஆபீஸ் கேஷியர் வீட்டுக்கு வந்தார். அந்த ஜோக்கைப் பிரமோஷன் அன்று விழுந்து விழுந்து சிரித்து ரசித்தவர். சுவரைப் பார்த்ததும் முகமெல்லாம் பல். "என்னய்யா, கடைசியில ஈறுக்குள்ளயே குடி வந்துட்ட. சொல்லு சொல்லு, அந்தப் பல் டாக்டர் கதையைச் சொல்லு."

நாக்கு நுனி வரை வந்தது. சத்தியமாக வந்தது.

"வீட்டுக்காரி செலக்ஷன். நல்லா இருக்குல்ல?" என்றேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். பிறகு கிரிக்கெட் பேசினோம்.

ஏப்ரல் 2, புதன்

ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிரே மூன்று பேர் புகாரோடு வந்து நின்றார்கள். மூன்று பேரையும் உட்காரச் சொல்லி, முழுக்கக் கேட்டு எழுதிக்கொண்டேன். பியூன் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறான்.

மூணு அடித்ததும் வீட்டுக்குப் போன் போட்டேன். இப்ப என்ன நிறத்துல இருக்கு என்று கேட்டேன். பின்னால் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது, நின்றது.

"வந்து பாருங்களேன்" என்றாள்.

இரண்டு மணி நேரம் பர்மிஷன் எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணம் என்ற இடத்தில் ஏதாவது வேடிக்கையாக எழுதுவேன் என்று கேஷியர் எட்டிப் பார்த்தார். 'வீட்டுக்குப் போகணும்' என்று எழுதியிருந்தேன்.