மூன்று ஸ்மாஷ் கூடுதல்

பெண்கள் சிறை, நெப்ராஸ்கா
செப்டம்பர் 9, 2009

அன்புள்ள பெர்னிஸ்,

உன் பத்திரிகை வந்து சேர்ந்தது. அச்சாபீஸிலிருந்து நேரே வந்தால்தான் இங்கே உள்ளே விடுவார்கள். ஊர்ச் செய்தி என்று எனக்கு வருவதெல்லாம் உன் ஒருத்தி வழியாகத்தான்.

என் மகள் மார்லா எனக்குக் கடிதம் போட்டுப் பதினேழு மாதம் ஆகிறது. மாட்ச் முடிந்து, குடித்துவிட்டு வண்டி ஓட்டி, பள்ளி பஸ் ஓட்டுகிற எல்மரைக் கொன்றவள் நான். அன்றைக்குப் பக்கத்து சீட்டில் அவள் இருந்தாள். கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை.

ஆனால் ஐந்தாம் பக்கம், வாலிபால் அட்டவணையில்: மார்லா ஹ்ருஸ்கா, 3 ஸ்மாஷ்! சாப்பாட்டுக்கூடத்தில், "பாருங்கடி, என் பொண்ணு!" என்று கத்திவிட்டேன். என் அறையில் இருக்கிற ரோண்டா, "மூணுக்கே இந்தக் கத்தலா? முப்பது அடிச்சா ஜெயிலையே இடிச்சிருவே போல" என்றாள்.

அவள் படம் ஒன்று போடேன்.

உன்,
ஜோலீன்

---

லின்டன்
செப்டம்பர் 24

ஜோலீனுக்கு,

படம் கேட்டிருந்தாய். கேமரா பழுது, அடுத்த மாதம் பார்க்கலாம்.

அமெரிக்கன் ஃபுட்பாலில் நம் பையன்கள் 48க்கு 6 என்று உதை வாங்கினார்கள். மைதானத்துத் தின்பண்டக் கடையில் நம் சர்ச் பாதர், பழம் வைத்த கொலாச்சி பன்னைக் கருக்கிவிட்டு, "அதுவும் ஒரு ருசிதான்" என்று விற்றார். பள்ளியைப் பக்கத்து ஊரோடு சேர்க்கப் போகிறார்களாம், கூட்டத்தில் ஒரே சண்டை. உன் இடத்தில் இப்போது கோனி ஸ்கோர் எழுதுகிறாள். எல்லாம் கோழிக் கிறுக்கல்.

மார்லா நலம். இந்த வாரமும் மூன்று.

பெர்னிஸ்

---

பெண்கள் சிறை
அக்டோபர் 8

பெர்னிஸ்,

பரோல் குழு 16ஆம் தேதி கூடுகிறது. விட்டால் 29ஆம் தேதி வாலிபால் டீமின் பெற்றோர் விழாவுக்கு நேரே வந்துவிடுவேன். பெயரைக் கூப்பிட்டதும் ஒவ்வொரு பெண்ணும் அம்மாவோடு வலை வரைக்கும் நடப்பாளே, அம்மா கையில் மஞ்சள் சாமந்தி கொடுப்பார்களே, அதற்கு என் பெயரையும் எழுதிவை. எழுதுவாய் அல்லவா? ஒளிக்காமல் பதில் போடு.

ஜோலீன்

---

லின்டன்
அக்டோபர் 14

ஜோலீன்,

என்னை மன்னித்துவிடு. அந்த விபத்துக்குப் பிறகு மார்லா வாலிபால் அரங்கத்துப் பக்கமே போகவில்லை. "விளையாடறாளா?" என்று ஆகஸ்டில் நீ கேட்டாய். இல்லை என்று எழுதக் கை வரவில்லை. அட்டவணையில் மூன்று போட்டுவிட்டேன்.

மறுநாளே கோச் க்வென் ஆபீசுக்கு வந்தாள். "டீம்லயே இல்லாத பொண்ணுக்கு மூணு ஸ்மாஷா?" என்றாள். பத்திரிகை யாருக்குப் போகிறது என்று சொன்னேன். "மொத்தத்துல மட்டும் கை வைக்காதே, அது மாவட்டத்துக்குப் போற கணக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பிறகு ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மார்லாவும் வந்தாள். "அம்மாவுக்காகவா?" என்றாள். ஆமாம் என்றேன். "சரி, போடுங்க."

அவள் தினமும் நான்கு மணிக்கு எல்மர் மனைவி எல்சி வீட்டுக்குப் போகிறாள். கோழிகளுக்குத் தீனி போடுகிறாள், விறகு பிளக்கிறாள். யாரும் போகச் சொல்லவில்லை. ஞாயிறு கூட விடுவதில்லை. "போதும்மா, விளையாடப் போ" என்று எல்சியே சொல்லிப் பார்த்துவிட்டாள். கேட்கிற வழியாக இல்லை.

மார்லா டீமில் இல்லையே, உனக்குக் கொடுக்க என்னிடம் சாமந்தி இல்லை. பாவி நான், பொய்யைச் சொல்லிவிட்டு அதிலேயே மாட்டிக்கொண்டேன்.

பெர்னிஸ்

---

பெண்கள் சிறை
அக்டோபர் 21

அன்புள்ள பெர்னிஸ்,

பரோல் இல்லை என்றுவிட்டார்கள். இன்னும் பதினான்கு மாதம்.

அடி பைத்தியக்காரி, பதினோரு வருஷம் அந்த மேசையில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதினவளிடமா இந்த விளையாட்டு? சாப்பாட்டுக்கூடத்தில் கத்திவிட்டு வந்து, பழக்கத்தில் ஸ்மாஷ்களைப் பெயர்வாரியாகக் கூட்டினேன். 34 வந்தது. கீழே மொத்தம் 31. மறுவாரமும் மூன்று இடித்தது. அன்றிலிருந்தே தெரியும். தெரிந்தும் அவள் பெயரைத் தேடிப் பிடித்துப் படித்தேன், வேறென்ன இருக்கிறது எனக்கு? சாமந்திக் கதையை எழுதியதே உன் வாயைக் கிளறத்தான்.

ஆனால் கோழித் தீனி எனக்குத் தெரியாதே! கடிதத்தை வைத்துக்கொண்டு அழுதேன். என் தண்டனைக்காவது முடியும் தேதி இருக்கிறது. அவளுக்கு யார் தேதி குறித்தார்கள்?

இந்தக் கடிதத்தை அவளிடமே கொடு. மார்லா, நீ செய்தது போதும். நாலு மணிக்கு அரங்கத்துக்குப் போ. எல்சி அனுமதித்தால், வெளியே வந்ததும் அந்தக் கோழிகளுக்குத் தீனி நான் போடுகிறேன். அது என் வேலை.

பெர்னிஸ், அடுத்த சீசனில் அவள் ஆடினால் உள்ளதை உள்ளபடி போடு. பூஜ்யம் என்றால் பூஜ்யம். நான் கூட்டிப் பார்ப்பேன்.

உன்,
ஜோலீன்