அந்த எண்ணுக்கு ஒரு பெயர்

இன்று காலை பீரோவின் கீழ்த்தட்டில் வாடகை ஒப்பந்தத்தைத் தேடியபோது நம் செய்தித் தளத்தின் பழைய கோப்பு கைக்கு வந்தது. பிரித்ததும் லேசாகக் கடுக்காய் வாசனை. இரண்டு தாள்களுக்கு நடுவில் பாதி உடைத்த ஒரு துண்டு கிடந்தது. இருமல் வந்தால் வாயில் அடக்கிக்கொள்ள, வெள்ளிமலையில் இருக்கும் உன் அம்மா வீட்டிலிருந்து பை நிறையக் கொண்டு வருவாயே, அதில் ஒன்று. அது இருந்த இடத்தில் தாள் பழுப்பேறியிருந்தது. அதற்குக் கீழே, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், பென்சிலால் நீ போட்ட பெருக்கல் குறி.

"அங்க மட்டும் போடுங்கண்ணா, போதும்" என்று சொல்லி நீ நீட்டிய தாள்.

நாளிதழ் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்ற பிறகு, கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் உன் கம்ப்யூட்டர் சென்டரின் பின்னறையில்தான் தளத்தைத் தொடங்கினோம். செய்தி என் பொறுப்பு. தினமும் காலையில் மலைக்குப் போகும் மின்மடல் உன் பொறுப்பு. எந்தச் சாலையில் மரம் விழுந்திருக்கிறது, எந்தப் பேருந்து ஓடாது, மருத்துவ வண்டி எந்த ஊருக்கு வருகிறது என்று நாலைந்து வரிகள். மலையில் இருக்கும் ஆசிரியர்கள், விடுதிக் காப்பாளர்கள், வெளியூருக்கு வேலைக்குப் போன மலைக்காரர்கள் எல்லோரும் அதைப் படித்தார்கள். என் கட்டுரைகளைப் படித்தவர்களைவிட அவர்கள் அதிகம். அதை நான் உன்னிடம் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

ஒருநாள் மலையிலிருந்து ஓர் ஆசிரியர் தொலைபேசியில் அழைத்தார். "இன்னா சார், மடல நிறுத்திட்டீங்களா? பஸ் வராதுன்னு தெரியாம பசங்க மழையில நின்னுக்கினு இருந்துச்சுங்க." நீ நிறுத்தவில்லை. தினமும் அனுப்பிக்கொண்டுதான் இருந்தாய். எல்லாம் வேண்டாத மடல்கள் ஒதுக்கப்படும் ஸ்பேம் பெட்டியில் விழுந்து கிடந்தன.

இரண்டு நாள் குடைந்து காரணத்தைக் கண்டுபிடித்தாய். எனக்குப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. "யாராவது போன்ல செய்தி சொன்னா நீங்க இன்னா பண்ணுவீங்க? வெச்சிட்டு, அதே நம்பருக்குத் திருப்பி அடிச்சு யாரு பேசறதுன்னு கேப்பீங்க இல்ல? மடல் வாங்கற கம்ப்யூட்டரும் அதத்தான் பண்ணுது. நெட்ல ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு நம்பர் இருக்குது. எந்த நம்பர்லேர்ந்து வந்துச்சோ, அந்த நம்பரோட பேரக் கேக்குது. நம்ம நம்பரு முழிக்குது."

பெயரைக் கேட்டால் எண் வரும்படி நாம் அமைத்திருந்தோம். எண்ணைக் கேட்டால் பெயர் வர வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். உடனே தளத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து நானே அதை எழுதிச் சேர்த்துவிட்டு, முடிந்தது என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"நாம இருக்கறது லாட்ஜ் ரூம்ணா. ஒரே நம்பர்ல நூத்துக்கணக்கான சைட்டு குடியிருக்குது. ரூமுக்குள்ள நம்ம பேர செவுத்துல எழுதினா தெருவுல போறவனுக்குத் தெரியுமா? வாசல்ல மாட்டற போர்டு ஓனர் கையில இருக்குது. தனி நம்பர் குடு, அதுக்கு எங்க பேர மாட்டுன்னு அவன எழுதிக் கேக்கணும்."

தளத்துக்கு வாடகைக்கு இடம் தந்த நிறுவனம் ஒரு படிவம் அனுப்பியது. கணக்கு என் பெயரில் இருந்ததால் கையெழுத்தும் என்னுடையதாக இருக்க வேண்டும். படிவத்தை வரி வரியாகப் படித்தேன். கடைசிக்கு முந்திய வரியில் நின்றுவிட்டேன். இந்த எண்ணிலிருந்து வெளியே போகும் எல்லா மடல்களுக்கும் நானே பொறுப்பு என்று அதில் இருந்தது.

"பாக்கலாம்மா" என்று மேசையில் வைத்தேன். ஒரு வாரம் ஆனது. இன்னொரு வாரமும் ஆனது. தினமும் சாயங்காலம் கடையைப் பூட்டும்போது நீ இரண்டு கேள்வி கேட்பாய். "கையெழுத்து போட்டீங்களாண்ணா?" போடவில்லை என்பேன். "சரி, அது வரைக்கும் ஸ்பேம் பொட்டியையாவது பாக்கறீங்களா? சைட்டுல எழுதற ஜனங்க மடல் அங்கதான் விழுது." நம் தளத்தின் அடியில் 'எங்களுக்கு எழுதுங்கள்' என்று ஒரு கட்டம் வைத்திருந்தாய். அதில் எழுதினால் நேராக என் அஞ்சலுக்கு வரும். அதுவும் ஸ்பேமில்தான் விழுந்தது. "பாத்தாச்சு" என்பேன்.

நான் பார்க்கவில்லை. ஒருமுறை திறந்தேன், லாட்டரியும் கடனுமாக இருந்தது, மூடிவிட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் பொய்தான் சொன்னேன்.

கடைசியில் நீயே நேராகக் கேட்டாய், படிவத்தில் என்ன சிக்கல் என்று. நான் சொன்னேன்: "நான் பாக்காத ஒரு வரிக்குக்கூட இதுவரைக்கும் கையெழுத்து போட்டது இல்லம்மா."

"போற மடல் எல்லாம் யாரு எழுதறது?"

நான் படிவத்தை மேசையில் நகர்த்தி வைத்தேன்.

"நான்தானே. அப்ப நான் எழுதறதுக்கு நீங்க பொறுப்பு இல்ல. அவ்ளோதானேண்ணா."

வாயிலிருந்த கடுக்காயைக் கையில் எடுத்து, படிவத்தின் மேல் வைத்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போனாய். மறுநாள் கடை திறக்கவில்லை. கோபம் என்று நினைத்தேன். பத்து நாள் ஆனால் வருவாள் என்று நினைத்தேன். படிவத்தை அப்படியே கோப்பில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்து பீரோவில் வைத்தேன். அந்த இருமல் எத்தனை மாதமாக இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஊரில் யாருக்கு என்ன காய்ச்சல் என்று விசாரித்து எழுதியே பிழைத்தவன், எதிர் நாற்காலியில் இருந்தவளிடம் விசாரிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்துத் தகவல் வந்தது. புதுச்சேரி மருத்துவமனை, நுரையீரல், எல்லாம் முடிந்துவிட்டது என்று. வெள்ளிமலைக்கு நான் வந்து சேர்ந்தபோது உன்னை எடுத்துவிட்டிருந்தார்கள்.

பதினாறாம் நாள் கருமாதி அன்று, மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் உன் கணவர் என்னைத் தனியாக அழைத்துப் போனார்.

"ஆஸ்பத்திரிக்குப் போன மொத வாரமே தொண்டையில கொழாய் போட்டுட்டாங்க சார். பேச முடியாது. என் போன வாங்கி உங்க சைட்டுக்குப் போயி, அடியில ஒரு கட்டம் இருக்குமே, அதுல எழுதினா. ரெண்டு தடவ. உங்க கிட்ட இருக்கறது பட்டன் போனாச்சே, தமிழ்ல மெசேஜ் போட்டா கட்டம் கட்டமாத்தான் தெரியும்னு எழுதிக் காட்னா. நான் பேசட்டுமான்னு கேட்டேன். வேணாம்னு கை ஆட்டினா."

"இன்னா எழுதினா?"

"தெரியல சார். உங்களுக்குத் தெரியும்னு இல்ல நான் இருந்தேன்." பிறகு, "அண்ணன் தெனமும் பொட்டிய பாப்பாரு, வருவாருன்னு ஒரு சீட்டுல எழுதி வெச்சிருந்தா" என்றார்.

அன்று இரவு பேருந்தில் வந்தேனா, ஜீப்பில் வந்தேனா என்பது நினைவில்லை. வீட்டுக்கு வந்து அந்தப் பெட்டியைத் திறந்தேன். முப்பது நாளுக்கு மேற்பட்டவை தானாக அழிக்கப்படும் என்று அதன் தலையிலேயே எழுதியிருந்தது. நீ எழுதி முப்பது நாள் கடந்திருந்தது. கட்டத்தில் எழுதுவதற்கு நகல் கிடையாது என்று நிறுவனத்தார் சொன்னார்கள். மடல்கள் போய்வந்த பதிவேட்டில் இருந்த இரண்டு வரிகளை மட்டும் அனுப்பினார்கள். தேதி, நேரம், மடலின் அளவு. முதல் மடல் பெரியது. மூன்று நாள் கழித்து எழுதியது மிகச் சிறியது, ஒரு வரிகூட இருந்திருக்காது. இரண்டுக்கும் நேரே 'கொடுக்கப்பட்டது' என்று இருந்தது.

உன் மடலில் என்ன இருந்தது என்று நான் ஊகித்து எழுதப்போவதில்லை. எனக்குத் தெரியாது. கோபமா, கடைச் சாவி விஷயமா, ஒருமுறை வந்து போங்கள் என்பதா, தெரியாது. முதலில் நிறைய எழுதினாய், பதில் இல்லாததால் பிறகு கொஞ்சமாக எழுதினாய். நான் உறுதி செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

அந்த வாரமே படிவத்தைப் புதிதாக அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டேன். பொறுப்பு வரியைத் திரும்பப் படிக்கவில்லை. எண்ணுக்கு என்ன பெயர் என்று கேட்டிருந்த இடத்தில், தளத்தின் பெயருக்கு முன்னால் உன் பெயரை எழுதினேன். இரண்டே நாளில் மாட்டிவிட்டார்கள். இரண்டு நாள் வேலைதான் அது. இப்போது மலையில் எவருக்கு மடல் போனாலும், வாங்கும் கம்ப்யூட்டர் அந்த எண்ணைத் திருப்பிக் கேட்கிறது, உன் பெயரைக் கேட்டதும் உள்ளே விடுகிறது. மடலை நானே எழுதுகிறேன். "முன்ன மாதிரி இல்ல சார், நீட்டி எழுதறீங்க" என்கிறார் அந்த ஆசிரியர்.

காலையில் எழுந்ததும் நான் முதலில் திறப்பது ஸ்பேம் பெட்டியைத்தான். இன்று பத்தொன்பது இருந்தன. லாட்டரி, கடன், யாருக்கோ போக வேண்டிய திருமண அழைப்பு ஒன்று. ஒவ்வொன்றையும் கடைசி வரி வரை படித்தேன். அதன் பிறகுதான் பீரோவைத் திறந்தேன், அந்தத் தாள் கிடைத்தது.

பாத்தாச்சும்மா. இன்றைக்கு நிஜமாகவே பாத்தாச்சு.