பேரை விழுங்கும் கிரிஸ்

போன வாரம் மலாக்கா குருபோங்கில் ஒரு மளிகைக்கடையில் கிராம்பு மூட்டை கிழிந்து தரையெல்லாம் சிதறிக் கிடந்தது. வெளியே மழை. வருகிறவர்களின் ஈரச் செருப்பு மிதிக்க மிதிக்க வாசம் எழும்பியது. வாங்க வந்ததை மறந்து அங்கேயே நின்றுவிட்டேன். காஜா பெராங்கில் உன் வீட்டு மாடியறை அப்படித்தான் மணக்கும். உன் வாப்பா கடைச் சரக்கில் பாதி அங்கேதான் கிடக்கும். மூட்டைகளுக்கு நடுவே ஒரு மேசை, மூன்று நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் நீ, நான், செல்வம்.

நீ செங் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாய். செல்வம் லாரி கம்பெனியில் கிளார்க். நான் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுப்பவள். மேசையில் உட்கார்ந்தால் இதெல்லாம் போய்விடும். நீ கதை சொல்வாய். நாங்கள் அதற்குள் ஆளுக்கொரு பாத்திரமாக இருப்போம். என்ன செய்யப்போகிறோம் என்று நாங்கள் சொல்ல வேண்டும், அது பலித்ததா இல்லையா என்று பகடை சொல்லும். விளையாட்டுப் புத்தகத்தில் இருந்த கோட்டையும் டிராகனும் உனக்குப் பிடிக்கவில்லை. "நம்ம ஊர்லயே பேய்க்கு எடம் இருக்கு லா," என்று கதையை விடுதலைக் காலத்து மலாக்காவுக்குக் கொண்டுவந்தாய். நான் மருத்துவச்சி தங்கம். செல்வம் பஸ் டிரைவர் முத்து.

கதையில், விடுதலைச் செய்தி கேட்க பண்டார் ஹிலிர் திடலில் கூட்டம் கூடுகிறது. அந்தக் கூட்டத்துக்குள் கடலிலிருந்து வந்தவர்களும் கலந்து நிற்கிறார்கள். அவர்களுடைய சட்டை காய்ந்திருக்கும், காலடி மட்டும் ஈரமாயிருக்கும். அவர்கள் பக்கத்தில் நின்றவன் வீடு திரும்பமாட்டான். நீ குரலை உயர்த்தாமல் இதைச் சொல்லும்போது நான் மேசைக்கு அடியில் என் காலை இழுத்துக்கொள்வேன்.

அப்போதுதான் செல்வம் ஒரு வீடியோ கேமில் விழுந்து கிடந்தான். அதில் ஆள் உயரக் கறுப்பு வாள் ஒன்று. ஒரே வீச்சில் ஒரு படையைச் சாய்க்கும், சாய்ந்தவர்களின் உயிரையும் குடிக்கும். அது முத்துவுக்கு வேண்டுமென்று நச்சரித்தான். விடுதலைக் காலத்தில் ஆள் உயர வாளோடு எவனாவது பஸ் ஓட்டுவானா என்று சிரித்தாய். ஆனாலும் அதைச் சுருக்கி, வளைந்த மலாய்க் கத்தியாக, ஒரு கறுப்பு கிரிஸாக அவன் இடுப்பில் சொருகிவிட்டாய். வலு மட்டும் வாளின் வலுவேதான்.

அதோடு ஆட்டம் செத்தது. ஈரக்காலடி தெரிந்ததும் முத்து வெட்டுவான், முடிந்துவிடும்.

"இது ஓவர் லா. இவன் ஒருத்தனே எல்லாத்தையும் முடிச்சிட்டா நான் எதுக்கு வரணும்? வீட்ல படுத்துத் தூங்கலாம்," என்றேன்.

"அப்ப வெட்டோட டேமேஜ பாதியா கொறச்சிடவா?" என்று செல்வத்தைக் கேட்டாய்.

"கொறச்சா அது அந்த வாளே இல்ல மச்சான். வெண்ணெய் தடவுற கத்தி."

நீ பகடையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தாய். அடுத்த ஞாயிறு வந்து உட்கார்ந்ததும் சொன்னாய்: "வலுவுல கை வைக்கல. வெலைய மட்டும் ஏத்திட்டேன்."

விலை இதுதான். ஒவ்வொரு வெட்டுக்கும் முத்து தனக்கு வேண்டிய ஒருவரின் பேரை உன் காதில் சொல்ல வேண்டும். அந்த ஆள் அவன் நினைவிலிருந்து போய்விடுவார். சொன்னதைப் பற்றி மறுபடி யாரிடமும் வாய் திறக்கக் கூடாது.

செல்வம் சிரித்துக்கொண்டே விளையாடினான். முதலில் பஸ் கண்டக்டர் போயிருப்பார், பிறகு தூரத்துச் சித்தப்பா. பக்கத்து வீட்டில் பாடிக்கொண்டிருந்தவள்கூடப் போயிருக்கலாம். எங்களுக்கு எதுவும் தெரியாது. ஒருநாள் சண்டை முடிந்து முத்து வீட்டுக்குத் திரும்புகிறான். நீ மெதுவாகச் சொன்னாய்.

"வாசல்ல ஒரு பொம்பள நிக்கிறாங்க. நீ அவங்கள பாத்ததே இல்ல. கையில சோத்துத் தட்டு வச்சிருக்காங்க. ஒன் பேரச் சொல்லிக் கூப்பிடுறாங்க."

செல்வம் பகடையைத் தொடவேயில்லை. எழுந்து கீழே போய்த் தன் அம்மாவுக்கு போன் செய்துவிட்டு வந்தான். அதற்குப் பிறகு கிரிஸை எடுக்கும்போதெல்லாம் அவன் யோசித்தான், என் மருந்துகளுக்கும் வேலை வந்தது. நம்முடைய மிக நல்ல ஞாயிறுகள் அவைதான்.

பிறகு நீ மறக்கத் தொடங்கினாய்.

முதலில் சாமான்களின் பெயர். அப்புறம் வேலைக்குப் போகும் வழி. ஒருநாள் கோப்பிக் கடையில் எதிரே இருந்த செல்வத்தைப் பார்த்து, "தம்பி யாரோட வந்தீங்க?" என்று மரியாதையாகக் கேட்டாய். தலைக்குள் கட்டி என்றார்கள். ஆபரேஷன் செய்ய முடியாத இடம்.

ஆஸ்பத்திரி வாசலில் செல்வம் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கடைசியா வெட்டுனப்ப முத்துவுக்கு யாருமே பாக்கி இல்ல, மாலதி. சும்மா வெளாட்டுக்கு, உள்ள படுத்திருக்கானே, அவன் காதுல சொன்னேன். 'கதை சொல்றவன்'னு சொல்லிட்டேன். அவன் சிரிக்கல. சரின்னு தலையாட்டுனான்."

"பைத்தியமாடா ஒனக்கு? அது கட்டி. நான் கிளினிக்ல வேல செய்றவ, எனக்குத் தெரியாதா?" என்று அவனை அதட்டினேன். ஆனால் என் கையில் மயிர் சிலிர்த்திருந்தது. அவன் பார்க்காமல் மறைத்துக்கொண்டேன்.

உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு மதியம் இருவரும் பார்க்க வந்தோம். உம்மா கதவைத் திறந்தார். "யாரையும் தெரியலம்மா. என்னையே யாருங்கறான். வந்ததுக்குக் கொஞ்சம் ஒக்காந்துட்டுப் போங்க."

வழி கேட்க வந்தவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாய். என்ன பேசுவதென்று தெரியாமல் செல்வம் பையிலிருந்த பகடையை உன் போர்வை மேல் வைத்தான். நீ அதை எடுத்தாய். உள்ளங்கையில் உருட்டினாய்.

"தங்கம், படகுத்துறையில விளக்கு அணைஞ்சிடுச்சி," என்றாய். "முத்து எங்க?"

அதே குரல். வாசலில் உம்மா வாயைப் பொத்திக்கொண்டார். எங்கள் பெயர் உனக்குத் தெரியவில்லை, ஆனால் தங்கத்தையும் முத்துவையும் தெரிந்திருந்தது. எந்தப் படகு எங்கே கட்டியிருக்கிறது, எந்தப் பலகை உடைந்திருக்கிறது, எல்லாம் தெரிந்திருந்தது. ஈரக்காலடிகள் திடலிலிருந்து ஊருக்குள் வருகின்றன என்றாய். எத்தனை என்று கேட்டான் செல்வம். "எண்ண முடியல. வீட்டுக்கு வீடு கதவத் தட்டுறாங்க."

முத்துவிடம் கிரிஸ் இருந்தது, கொடுக்க ஆள் இல்லை. செல்வம் அழ ஆரம்பித்துவிட்டான்.

"அவனுக்குப் பதிலா நான் குடுக்கலாமா?" என்று கேட்டேன்.

நீ நெற்றியைச் சுருக்கினாய். உன் விதிகளில் யாராவது ஓட்டை கண்டுபிடித்தால் அப்படித்தான் சுருக்குவாய். "அத நான் யோசிக்கலையே," என்றாய். "சரி. சொல்லுங்க."

குனிந்து உன் காதில் சொன்னேன். தங்கத்துக்கு நடந்ததை அல்ல, எனக்கும் உனக்கும் நடந்த ஒன்றை. நீ வெகுநேரம் என் முகத்தையே பார்த்தாய்.

"இது கதைக்குள்ள நடந்ததா, வெளியவா?"

"வெளிய."

"அப்ப டேமேஜ் ரெட்டிப்பு," என்றாய், மிகவும் நியாயமான குரலில். "முத்து, உருட்டுங்க."

செல்வம் உருட்டினான். என்ன விழுந்தது என்று நீ பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கடல் பின்வாங்குவதை, தெருத் தெருவாகத் தரை காய்வதை, தட்டிய கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து ஆட்கள் வெளியே எட்டிப் பார்ப்பதைச் சொல்லிக்கொண்டே போனாய். பாதியில் தூங்கிவிட்டாய். அதற்குப் பிறகு கடைசிவரை நீ யாரிடமும் பேசவில்லை என்று உம்மா சொன்னார்.

இப்போது செல்வமும் நானும் மாதமொரு ஞாயிறு மேசை போடுகிறோம். கதை சொல்பவள் நான். புதிதாக வருகிறவர்கள் ஏதாவது ஒரு வீடியோ கேமின் பெரிய ஆயுதத்தைக் கொண்டுவருவார்கள். வலுவில் நான் கை வைப்பதில்லை. வாசலில் நிற்பது யார் என்று மட்டும் கேட்பேன்.

அன்று உன் காதில் நான் என்ன சொன்னேன் என்று செல்வம் இன்னமும் கேட்கிறான். சொல்லமாட்டேன். உனக்கு எழுதும் இதிலும் எழுதவில்லை. சில காலைகளில் கண் விழித்ததும் அந்த நினைவு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். இருக்கிறது. அந்த இடம், அந்த வெயில், நீ பேசியது எல்லாம் இருக்கிறது. உன் முகம் மட்டும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் திரும்பியிருக்கிறது.