குண்டனுக்கு வேகம் ஏற்றிய கதை

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், அப்படியே வைத்துக்கொள். அப்பாவுக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, எனக்கு முழங்கால் வலி மட்டும்தான். உன் உடம்பைப் பற்றி நீ சொல்வதை நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை, நம்புகிறேன். போனில் சொல்லக்கூடியதை ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்ததுமே நீ 'அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா' என்பாய், நானும் சரி என்று வைத்துவிடுவேன், நம் இருவருக்கும் அது பழகிப்போயிற்று. கடிதத்தை நீ மடித்து வைக்கலாம், ஆனால் குறுக்கே பேச முடியாது.

சித்தி புது வீட்டுக்குப் போய்விட்டாள், நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது, ஏறி முடிப்பதற்குள் அவளிடம் சொல்ல வைத்திருந்த நல்ல வார்த்தையெல்லாம் மூச்சோடு போய்விடுகிறது. என் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் புது மேலதிகாரி வந்திருக்கிறார், ஒவ்வொரு முடிவுக்கும் 'நிச்சயமா மேடம்?' என்கிறார், நிச்சயம் என்று நான் எதையுமே சொல்வதில்லை என்பது அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. பெரிய செய்தி அப்பாவைப் பற்றியதுதான். உன் தங்கை சின்னவளின் கம்ப்யூட்டரை, குண்டன் என்று அவள் பெயர் வைத்தாளே, அதைத்தான், அப்பா ஓவர்கிளாக் செய்கிறார். செய்து கொடுத்தவர்கள் வைத்த வேகத்துக்கு மேல் பிராசஸரையும் மெமரியையும் ஓட வைப்பதற்கு அதுதான் பெயராம். வாழ்நாள் முழுக்கப் பள்ளி மைதானத்தில் விசில் ஊதிய மனிதர், அவள் இருந்தவரை அந்தப் பெட்டிக்கு எந்தப் பக்கம் முகம் என்றுகூடத் தெரியாது. ஏன் ஆரம்பித்தார் என்பது உனக்குத் தெரியும். 'உங்க கம்ப்யூட்டர் ஸ்லோப்பா, அதான் வீடியோ கால்ல படம் நின்னு போகுது' என்று நீதான் எழுதினாய்.

முதலில் கடைக்குப் போய்ப் பெரிய விசிறி வைத்த ஒரு கூலர் வாங்கிவந்தார், கடைக்காரர் வேகம் ஏற்றினால் சூடு ஏறும் என்று எச்சரித்தாராம், 'என் பசங்களுக்கும்தான் ஏறும், அதுக்காக ஓட விடாம இருப்பேனா' என்று பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டைக்கூட எடுக்காமல் வீடியோக்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். கம்ப்யூட்டர் விழிக்கும்போதே ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்து உள்ளே போகிறார், பிராசஸரை ஒரு படி ஏற்றுகிறார், அதற்குக் கொடுக்கும் மின்சாரத்தைத் துளி கூட்டுகிறார், பிறகு அதை மூச்சுத் திணற ஓட விடும் ஒரு சோதனையைப் போட்டுவிட்டு, தோளில் துண்டோடு பக்கத்திலேயே நின்று வெப்பத்தைப் பார்க்கிறார். 'வாடா வாடா, இன்னும் ஒரே ஒரு ரவுண்டு' என்று பெட்டியிடம் பேசுகிறார். நான் சின்னவள் அறை வாசலில் நின்று சிரித்தேன், நீண்ட நாளைக்குப் பிறகு இந்த வீட்டில் நான் சிரித்தது அதுதான் என்று நினைக்கிறேன். பிராசஸரையும் மெமரியையும் ஒன்றாக மாற்றாதீங்க, நின்றுபோனால் எதனால் என்று தெரியாது என்றேன். 'ஆமாங்க லேப் மேடம்' என்றார், ஆனால் கேட்டுக்கொண்டார். மெமரி தப்பு செய்தால் கம்ப்யூட்டர் நிற்காமலேயே உள்ளே உள்ள ஃபைல்கள் சத்தமில்லாமல் கெட்டுப்போகலாம் என்று படித்தேன், அதனால் அவர் மெமரியில் கை வைப்பதற்கு முன்பே சின்னவள் வரைந்து வைத்திருந்ததையெல்லாம் தனி டிஸ்க்கில் ஏற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை.

வேகம் கூடியது உண்மைதான். நான் சந்தேகப் பிராணி என்பதால் முன்னும் பின்னும் அளந்து பார்த்தேன், கூடியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா சவரம் செய்து சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார். நீ திரையில் வந்தாய், படம் கண்ணாடி மாதிரி இருந்தது, உன் மூக்கில் இருந்த பரு வரை தெரிந்தது. அப்பா ஒவ்வொரு வாரமும் கேட்பதைக் கேட்டார், 'எப்போப்பா வர்றே?' உன் முகம் அப்படியே நின்றது, வாய் பாதி திறந்தபடி. உனக்குப் பின்னால் ஜன்னல் திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்தது.

அதை நான் முதல் தடவையாகப் பார்க்கவில்லை, பெரியவனே. சின்னவள் போனபோது அந்த நாட்டை விட்டு வந்துபோக உனக்கு அனுமதித் தாள் வரவில்லை, அது வந்தபோது நீ வரவில்லை, அதற்கப்புறம் அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் உன் முகம் நிற்கிறது, திரைச்சீலை நிற்பதில்லை. நான் அப்பாவிடம் சொன்னதில்லை. அன்றைக்கும் அவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு என் பக்கம் திரும்பி, 'மெமரியை இன்னும் ஒரு படி ஏத்தணும் போல' என்றார்.

ஏற்றினார், ஒரு படியில் நிற்கவில்லை. மறுநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது குண்டன் உயிரோடு இல்லை, விசிறி சுற்றும், நிற்கும், மறுபடி சுற்றும், திரை கறுப்பு. அப்பா சின்னவளின் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பழைய அமைப்பு திரும்ப வர வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் பொட்டு பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் வெளியே வைக்க வேண்டுமாம், கழற்றி உள்ளங்கையில் வைத்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, போதும், இது கம்ப்யூட்டர் இல்லைங்க என்றேன். 'தெரியும்' என்றார். 'திரைச்சீலை ஆடுறது உனக்கு மட்டும்தான் தெரியும்னு நினைச்சியா? கம்ப்யூட்டர் மேல தப்புன்னா நான் ஏதாவது செய்யலாம், கூலர் மாத்தலாம், மெமரி மாத்தலாம். அவனுக்கே பேசப் பிடிக்கலைன்னா நான் எதை மாத்துவேன், சொல்லு?' அவர் அழவில்லை, அந்தப் பேட்டரியை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னவளுக்குக்கூட அவர் என் முன்னால் இப்படி உடைந்து நான் பார்க்கவில்லை.

பேட்டரியைத் திரும்பப் போட்டதும் குண்டன் பழைய வேகத்தில் எழுந்துவிட்டான். அப்பா நடக்கப் போன நேரத்தில் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கேமராவைத் திறந்தேன். எதிரில் யாரும் இல்லை, என் முகம் மட்டும். நாங்கள் உன்னைப் பார்த்து உட்காருகிறோமே தவிர எங்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. கட்டில் இருந்தது, மடித்து வைத்த அவள் போர்வை, ஆணியில் அவள் பை, சுவரில் பாதி வரைந்த அந்தக் குதிரை. இத்தனை நாளும் நாங்கள் இருவரும் அதற்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு எப்போது வருவாய் என்று உன்னைக் கேட்டிருக்கிறோம். பேசப் பிடிக்காத பிள்ளை என்று நானும் நினைத்திருந்தேன். நீ எங்களைப் பார்க்கவே இல்லை, எங்கள் தோளுக்கு மேலே கட்டிலைப் பார்த்திருக்கிறாய். இது என் ஊகம்தான், தப்பாகவும் இருக்கலாம், தப்பென்றால் எழுது.

அப்பாவிடம் சொன்னேன். எழுந்து மேசையின் ஒரு முனையைப் பிடித்தார், நான் இன்னொன்றைப் பிடித்தேன், குண்டனைக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம். அவள் அறையில் எதையும் தொடவில்லை, கதவை மட்டும் சாத்தியிருக்கிறோம். இனி எங்களுக்குப் பின்னால் வெறும் சுவர்தான், அதில் ஒன்றும் மாட்டப்போவதில்லை.

வேளைக்குச் சாப்பிடு. கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே, திரையை நீ முகத்தோடு ஒட்டிவைத்துப் பார்க்கிறாய். சித்திக்கு ஒரு வரி எழுது, அவள் என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நீ நல்லபடியாக இருக்க வேண்டும், இருக்கிற ஒரு பிள்ளைக்கு வேறு எதைக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் வா. அப்பாவால் கேட்காமல் இருக்க முடியாது, எப்போ வர்றே என்று கேட்பார். தெரியலப்பா என்று சொல், வர முடியலப்பா என்று சொல், அழுதாலும் அழு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அசையாமல் மட்டும் இருக்காதே. அசையாத பிள்ளை ஒன்றை நாங்கள் பார்த்தாயிற்று.

உன் அம்மா